சுழற்கோப்பையும் முப்பத்துநாலு காந்தங்களும்

786
மேற்குத் தாம்பரம்
3-7-2024

அன்பு மருமகள் ஹஃபீசாவுக்கு மாமா அப்துல் கஃபார் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தபஸ்ஸும் மாமியும் காயலாங்கடையும் சுகம். தராசு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதையும் ஒரு தட்டு தட்டினால் சுகமாகிவிடும். கோவிலம்பாக்கத்தில் உன் சுகத்துக்கு எழுது.

"இனிமே வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீங்க மாமா, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று நீ கறாராகச் சொன்னதால் பேனா பிடித்திருக்கிறேன். என் இருபத்திரண்டு நிமிஷப் பேச்சு உங்கள் ஆசிரியர் கூட்டத்தின் நடுவில் தானாகப் பாட ஆரம்பித்தது போனின் குற்றம், என் குற்றம் இல்லை. ஆனாலும் கேட்ட டீச்சர்கள் நாலு நல்ல விஷயம் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்புக்குப் பருப்பொருள் பாடம் நடத்தப் போகிறாய், தொட்டுப் பார்க்க உலோகத் துண்டுகள் வேண்டும் என்றாய். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் எனக்கு வருத்தமாகியிருக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை என்னைக் கேட்காமல் எவனும் ஆணி அடிப்பதில்லை. தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் போனால் சத்தத்தை வைத்தே எத்தனை கிலோ அலுமினியம் என்று சொல்வேன். வண்டலூரில் யானையின் சங்கிலியைத் தூரத்தில் நின்று பார்த்து எடை சொன்னேன். யானையே தலையாட்டியது.

சிட்டிபாபுவின் லோடு ஆட்டோவில் ஐந்து துண்டுகள் வருகின்றன. இரும்பு, செம்பு, அலுமினியம், பித்தளை, ஈயம். ஐந்தும் கலப்படமில்லாத சுத்தத் தனிமங்கள். என் பொறுப்பு.

போன வருஷம் நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அறிவியலில் முதலாக வரும் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி நான் தந்தேனே ஒரு சுழற்கோப்பை, கண்ணாடி அலமாரியில் நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கிறதா? முழு வெள்ளி. முன்வரிசையில் வைக்கச் சொல்.

துஆவுடன்,
மாமா

*

கோவிலம்பாக்கம்
8-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். துண்டுகள் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அலுமினியத்தை ஒரு கையிலும் இரும்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு தராசு மாதிரி நின்றார்கள். "ஒரே சைஸ்தான மிஸ், இது மட்டும் ஏன் கனக்குது?" என்று ஒருவன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி.

இரண்டு விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது உடம்புக்கு விஷம், பிள்ளைகள் தொடக் கூடாது. நீங்களும் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இன்னொன்று, பித்தளை தனிமம் இல்லை மாமா. செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்தது. அது ஒரு கலவை.

பிரித்தெடுத்தல் பாடம் அடுத்து வருகிறது. மணலோடு இரும்புத்தூளைக் கலந்து பிரிக்க வேண்டும். காந்தம் நாலைந்து கிடைக்குமா? செப்டம்பரில்தான் என்னை நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று தலைமை ஆசிரியை ஞானஜோதி மேடம் முடிவு செய்வார்கள். அதுவரை ஒவ்வொரு பாடமும் எனக்குப் பரீட்சை மாதிரி.

கோப்பை முன்வரிசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஹஃபீசா

*

786
மேற்குத் தாம்பரம்
11-7-2024

அன்பு மருமகளுக்கு,

பித்தளை கலவையா? நாற்பது வருஷமாகக் கடையில் பித்தளையோடு புழங்குகிறேன். ஒரு நாள்கூட அது என்னிடம் சொன்னதில்லை. மாமியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அப்ப எங்க வூட்ல சீர் குடுத்த குடமெல்லாம் கலப்படமா?" என்று என்னை முறைத்தாள். இரண்டு வேளை எனக்கு ரசம்தான் கிடைத்தது. ஒரு டீச்சர் சொல்கிற சொல் எங்கெல்லாம் போய்ப் பாய்கிறது பார்.

நாலைந்து காந்தமா? உன் வகுப்பில் முப்பத்துநாலு பேர். நாலு பேருக்குக் கொடுத்தால் முப்பது பேர் அழ மாட்டார்களா? பதினேழு பழைய டிவியைப் பிரித்தேன். டிவிக்கு இரண்டு ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஒரு வளையக் காந்தம். கணக்கு கச்சிதமாக வந்தது. மூட்டையைத் தூக்கும்போது சிட்டிபாபு, "இன்னா பாய், காந்தமா போய்க்கினே கீது, இஸ்கூல் எதுனா தொறக்கப் போறியா?" என்றான். "என் மருமகள் இருக்கிற இடம் எல்லாம் நம்ம இஸ்கூல்தான்டா" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர். தூசியாகவும் இருக்கலாம்.

வளையத்தில் கயிறு கோத்திருக்கிறேன், கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும். கூடவே பிள்ளைகளுக்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் ஒட்டு:

"கஃபார் மாமாவின் சட்டம். இரும்பு என்றால் காந்தத்திடம் ஓடி வரும். செம்பு, அலுமினியம் திரும்பிக்கூடப் பார்க்காது. தங்கமும் வெள்ளியும் ராஜ பரம்பரை, காந்தத்துக்குத் தலை வணங்கவே வணங்காது. வெள்ளி என்று சொல்லி ஒருவன் கொடுத்ததில் காந்தம் ஒட்டினால் அவன் புளுகன் என்று தயங்காமல் சொல்லுங்கள்."

துஆவுடன்,
மாமா

*

கோவிலம்பாக்கம்
29-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சட்டத்தை என் வகுப்புப் பையன் மிக்கேல் ஆணியில்லாமல் சுவரில் ஒட்டிவிட்டான். பசைதான். வகுப்பு இப்போது வகுப்பாக இல்லை. முப்பத்துநாலு பேரும் கழுத்தில் காந்தத்தோடு அலைகிறார்கள். ஜன்னல் கம்பி, ஜாமெட்ரி பாக்ஸ், சத்துணவுக் கரண்டி, என் வளையல், எதுவும் தப்பவில்லை. ஹெப்சி என்று ஒரு பெண். அவள் அம்மாவின் எவர்சில்வர் டப்பாக்களைச் சோதித்து, ஒட்டுவது ஒரு அலமாரி, ஒட்டாதது ஒரு அலமாரி என்று பிரித்து அடுக்கிவிட்டாளாம். "மிஸ், எவர்சில்வரும் கலவைதான், எல்லாக் கலவையும் ஒரே மாதிரி இல்லனு கண்டுபிடிச்சேன்" என்றாள். நான் சொல்லித் தராதது அது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். நோட்டில் மூன்று கட்டம். என்ன செய்தோம், என்ன பார்த்தோம், என்ன முடிவு. பார்த்ததை எழுதிய பிறகு அழிக்கக் கூடாது. பிடிக்காவிட்டாலும் அழிக்கக் கூடாது.

சுதந்திர தினத்தன்று உங்கள் கோப்பையை எடுத்துக் கொடுப்பார்கள். வருவீர்களா?

அன்புடன்,
ஹஃபீசா

*

786
மேற்குத் தாம்பரம்
2-8-2024

அன்பு மருமகளுக்கு,

அந்த ஹெப்சியை என் கடைக்கு அனுப்பு. ஒரே வாரத்தில் கடையைத் திருத்திவிடுவாள் போல.

சுதந்திர தினத்தன்று வாணியம்பாடியில் மாமியின் தங்கை மகனுக்கு நிக்காஹ். நான் போகாவிட்டால் அங்கே பிரியாணி அண்டா ஏறாது. வர முடியாது. கோப்பையைக் கொடுக்கும்போது "அப்துல் கஃபார் அவர்கள் அன்பளித்த வெள்ளிக் கோப்பை" என்று மைக்கில் சத்தமாகச் சொல்லச் சொல். கைதட்டல் எத்தனை நிமிஷம் நீடித்தது என்று எழுது.

துஆவுடன்,
மாமா

*

கோவிலம்பாக்கம்
16-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

கைதட்டல் நீடிக்கவில்லை.

கோப்பை ஹெப்சிக்குத்தான் கிடைத்தது. மேடையில் ஞானஜோதி மேடம் கொடுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கழுத்தில் காந்தம் தொங்கியது. டக்கென்று ஒரு சத்தம். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் பிரித்தாள். மறுபடி டக். பிறகு மைக்கிலேயே, "மிஸ்! ஒட்டிக்கிச்சு மிஸ்!" என்று கத்தினாள். கீழே இருந்த என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்துமூன்று பேரும் உங்கள் சட்டத்தின் கடைசி வரியைச் சேர்ந்து சொன்னார்கள். மனப்பாடம். பெற்றோர் எல்லாம் சிரித்தார்கள். எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹஃபீசா மிஸ், காந்தம் டிஃபெக்ட்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி முடிச்சிடுங்கம்மா, எதுக்கு வம்பு" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். பிள்ளைகள் அதற்குள் நோட்டில் எழுதிவிட்டார்கள் மேடம், நான் எப்படி அழிக்கச் சொல்வது என்றேன். அவர்கள் முகம் மாறிவிட்டது.

முப்பத்துநாலு நோட்டிலும் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. மாமா, அந்தக் கோப்பை எதனால் செய்தது?

ஹஃபீசா

*

786
மேற்குத் தாம்பரம்
18-8-2024

அன்பு மருமகளுக்கு,

பதறாதே. இதற்கெல்லாம் விஞ்ஞானத்தில் விளக்கம் இருக்கிறது. முதலாவது, அந்த அலமாரி இரும்பு அலமாரி. ஒரு வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தினால் வெள்ளிக்கும் இரும்புக் குணம் வரும். சேர்க்கை தோஷம். இரண்டாவது, அந்தக் காந்தங்கள் டிவியில் இருந்தவை. இருபது வருஷம் சீரியல் கேட்டு வளர்ந்த காந்தம், யாரைப் பார்த்தாலும் பாசத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஆடி மாதக் காற்று.

இது எதுவும் இல்லை என்றால் யாரோ கோப்பையை மாற்றியிருக்க வேண்டும். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரி. நான் கொடுத்தது வெள்ளி.

மாமி சலாம் சொல்கிறாள். பித்தளைக் கோபம் தீர்ந்துவிட்டது.

துஆவுடன்,
மாமா

*

கோவிலம்பாக்கம்
20-8-2024

மாமாவுக்கு,

சாவி வாட்ச்மேன் ஜெரோம் அண்ணனிடம் இருக்கிறது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் காந்தத்தில் பழுதில்லை என்று நான் சொன்ன பிறகு மேடத்துக்கும் அதே யோசனைதான் வந்திருக்கிறது. நேற்று ஜெரோம் அண்ணனை ஆபீஸில் நிற்க வைத்துக் கேட்டார்கள். அவர் வெளியே வந்து என்னிடம், "டீச்சரம்மா, அத்த நான் தொடச்சித்தான் வெச்சிருக்கேன், வேற ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம் என்று சொன்னேன். இன்று சொல்கிறேன், கடிதமும் இரண்டு பக்கம் வேண்டாம். ஒரு வரி போதும். எதனால் செய்தது?

ஹஃபீசா

*

786
மேற்குத் தாம்பரம்
21-8-2024

ஹஃபீசா,

இரும்புத் தகடு. மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு. வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு வரி கேட்டாய், இரண்டு வரி ஆகிவிட்டது. மீதியையும் எழுதிவிடுகிறேன், படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

போன வருஷம் உன்னைக் கொண்டுவந்து விட நான் வந்தேனே, அன்று அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பையிலும் கொடுத்தவரின் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு படிப்பு. டாக்டர், என்ஜினீயர், பேராசிரியர். நான் ஆறாம் வகுப்பில் மூன்றாம் முறை உட்கார்ந்தபோது பெஞ்சு என்னைவிடச் சின்னதாகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்வதெல்லாம் கதை, உன் அம்மாவுக்குத் தெரியும். பெயருக்குப் பின்னால் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் பெயருக்கு முன்னால் வெள்ளி என்று போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தை எழுதும்போது கோப்பை என் நினைவிலேயே இல்லை. எல்லாரிடமும் வெள்ளி வெள்ளி என்று சொல்லி, எனக்கே அது வெள்ளியாகிவிட்டது. சீரியல், ஆடிக்காற்று எல்லாம் எழுதும்போது கொஞ்சம் ரசித்துத்தான் எழுதினேன். சாவி என்று எழுதும்போது ரசிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன். அந்த மனிதரை எனக்குத் தெரியும். அன்று என் பைக்கை வெயிலில் நிற்க விடாமல் நிழலுக்குத் தள்ளி வைத்தவர்.

இத்தோடு இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். ஒன்று ஞானஜோதி அம்மாவுக்கு, ஜெரோமுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று. கையெழுத்து, கடை முத்திரை, எல்லாம் போட்டிருக்கிறேன். இன்னொன்று உன் வகுப்புக்கு. நீயே படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே.

மாமா

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,
நீங்கள் செய்த சோதனை சரி. கோப்பை இரும்பு. அதை வெள்ளி என்று சொன்னவன் நான்தான். சட்டத்தின் கடைசி வரி எனக்கும் உண்டு, தாராளமாகச் சொல்லலாம். மூன்றாவது கட்டத்தை நிரப்புங்கள். ஹெப்சியிடம் ஒரு வார்த்தை: நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என் கடைக்கு எதை எதையோ வெள்ளி என்று கொண்டுவந்ததை நான் பிடித்திருக்கிறேன். என்னைப் பிடித்த முதல் ஆள் நீதான்.
அப்துல் கஃபார், காயலாங்கடை, மேற்குத் தாம்பரம்.

*

கோவிலம்பாக்கம்
31-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபத்தில் இல்லை. திருத்துவதற்கு நோட்டு மலையாகக் குவிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்தேன். பிள்ளைகள் உடனே கடைசி வரியைக் கத்துவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஹெப்சிதான் கை தூக்கினாள். "மிஸ், அவர் தப்பா சொன்னாரு, அப்புறம் சரியா சொன்னாரு. நாலாவது கட்டம் போடலாமா?" என்றாள். போட்டுவிட்டோம். தலைப்பு 'திருத்தம்'.

மேடம் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெரோம் அண்ணனிடம் அவர்களே நடந்து போனார்கள். சாவிக்கொத்தைத் திரும்பக் கொடுத்து, "மன்னிச்சிடுங்க ஜெரோம்" என்றார்கள். பிறகு என்னிடம் வந்து, "அழிக்கச் சொன்னது என் தப்பும்மா. திங்கட்கிழமை ஆர்டர் வாங்கிக்கோங்க" என்றார்கள். என்ன ஆர்டர் என்று கேட்டு நின்றேன் முட்டாள் மாதிரி. நிரந்தரம், மாமா!

கோப்பையை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று மேடம் சொல்லிவிட்டார்கள். பூச்சு போன இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பிள்ளைகள் அடியில் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியடு நீங்கள் வகுப்புக்கு வர வேண்டும். காயலாங்கடையில் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கப் போகிறார்கள். மேடமே கூப்பிடச் சொன்னார்கள். அன்பளிப்பு எதுவும் கொண்டுவரக் கூடாது. வெறும் ஆளாக வாருங்கள், போதும்.

அன்புடன்,
ஹஃபீசா

*

786
மேற்குத் தாம்பரம்
11-9-2024

அன்பு மருமகள், நிரந்தர ஆசிரியை ஹஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் நடந்ததை நான் எழுதினால்தான் நடந்த மாதிரி இருக்கும்.

கேட்டில் ஜெரோம் நின்றார். என்ன பேசுவது என்று பல்லாவரத்திலிருந்து ஒத்திகை பார்த்து வந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கையைப் பிடித்தேன். "வுடு பாய், அதெல்லாம் முடிஞ்சிபோச்சி. இன்னிக்கி எதுவும் கொண்டாரலியே?" என்று என் பையை எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வகுப்பில் நானூறு பிள்ளைகள். சரி, முப்பத்துநாலு. செம்புக் கம்பியை உறையிலிருந்து உரிப்பது, அலுமினியத்தை எடையால் அறிவது, பித்தளையை உரசிப் பார்ப்பது என்று நான் பேசிய பேச்சில் மணியடித்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் ஜன்னலில் நின்று குறிப்பெடுத்தார். நீ சொல்வாய், அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தார் என்று. இரண்டும் நடந்தது.

பித்தளை கலவை என்று என் வாயாலேயே சொன்னேன். மாமியிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் அந்த ஹெப்சி எழுந்தாள். "மாமா, இரும்பு துருப்பிடிக்குது. செம்பு பச்சையாவுது. தங்கம் மட்டும் ஏன் ஒண்ணுமே ஆவறதில்ல?" என்றாள்.

நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் நாக்கில் மூன்று பதில்கள் தயாராக நின்றன, மூன்றும் அழகான பதில்கள். ராஜ பரம்பரை, பூமியின் அடி ஆழம், இன்னொன்று இதைவிடப் பிரமாதம். முப்பத்துநாலு பேரும் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். அழிக்கவும் மாட்டார்கள்.

"தெரியாது" என்றேன்.

அந்தச் சொல்லை நான் கடையில் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை, போலீஸ் கேட்டபோதுகூட வேறு ஏதோதான் சொன்னேன். அவள் என்ன செய்தாள், பார்த்தாயல்லவா? முகம் சுளிக்கவில்லை. "அப்ப நானும் பாக்கறேன், நீங்களும் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி.

அதனால் ஒரு உதவி. தங்கம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று எளிய தமிழில் எழுதியிருக்கும் புத்தகம் எதுவாக இருந்தாலும் சிட்டிபாபுவிடம் கொடுத்து அனுப்பு. ஆறாம் வகுப்புக்காரனுக்குப் புரிகிற புத்தகம். அவள் முந்திக்கொள்வதற்குள் அனுப்பு.

துஆவுடன்,
மாமா அப்துல் கஃபார்,
ஆறாம் வகுப்பு (மூன்று முறை)